பேருக்கு வாடகை

— காப்பி ஆறுது, குடிச்சிட்டே கேளு சபாபதி. இபிஎஃப் ஆபிஸ்காரன் உங்க அண்ணன் கைநாட்டுதான் வேணும்னு சொன்னான்னா, அது உங்க அண்ணன் பணம். இதுல ஒனக்கு என்னா புரியல?

— புரியுது அண்ணி. ஆனா ரவாங் ரப்பர் ஃபேக்டரில மாடா ஒழச்சது நான்தான? மாசாமாசம் என் சம்பளத்துல சேமநிதிக்குன்னு புடிச்சிதான கட்டுனாங்க?

— யாரு பேர்ல கட்டுனாங்க?

— அண்ணன் பேர்ல. ரெங்கசாமின்னு. அதான் தெரியுமே. பிரஜாவுரிமை இல்லாத சிவப்பு ஐசி கார்டுக்காரன்லாம் பெர்மிட் இல்லாம வேல செய்யக்கூடாதுன்னு அப்பச் சட்டம் வந்திச்சி. எனக்குப் பெர்மிட் கெடைக்கல. ஃபேக்டரில கணக்கு எழுதற கிராணிதான் சொன்னாரு, பிரஜாவுரிமை உள்ள நீல ஐசிக்காரன் எவன் பேரயாச்சும் கொண்டா லா, எழுதிக்கிறேன்னு.

— லுக் ஹியர். நான் அன்னிக்கே சொன்னேன். பேரு குடுக்கறேன், பின்னால வில்லங்கம்னு என் வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னு. சொன்னேனா இல்லியா?

— சொன்னீங்கண்ணே.

— அப்பறம் எதுக்குக் காலங்காத்தால பிரிக்பீல்ட்ஸ்ல வந்து நிக்கற? எனக்கு ரயில்வே பென்சன் இருக்கு. கவர்மெண்ட் சர்வன்ட். ஒன்ன மாதிரி லோரிக்குப் பின்னால தொங்கிட்டுத் திரிஞ்சவன் இல்ல.

— அந்த லோரிலதான்ணே முதுகு போயிடிச்சி. இப்ப ராத்திரி காவல் காக்கற ஜாகா வேல. கம்போங் மேடான்ல நாங்க இருக்கற பலகை வீட்ட இடிக்கப்போறான். மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டுனாத்தான் எடம். இந்தப் பணத்த விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல.

— இத்தன வருசமா தூங்கிட்டா இருந்த?

— அண்ணனுக்கு அம்பத்தஞ்சு ஆனாத்தான் எடுக்க முடியும் அண்ணி. இந்த வருசந்தான் ஆவுது. ரவாங் போய்ப் பாத்தேன், அந்த ஃபேக்டரிய மூடிட்டு இப்ப பிளாஸ்டிக் வாளி செய்யறானுங்க. கிராணிய பண்டமாரான்ல தேடிப் புடிச்சி, அவர் சொல்லித்தான் இபிஎஃப் ஆபிஸுக்குப் போனேன். பணம் பத்திரமா இருக்காம். ஆளக் கூட்டியா, கைநாட்டு வெக்கட்டும்ங்கறான்.

— வெச்சா? ரயில்வேல சம்பளம் வாங்குனவன் அதே வருசம் ரவாங்ல எப்படிடா வேல செஞ்சன்னு கேட்டா? என் பென்சன நிறுத்திட்டா நீயா சோறு போடுவ?

— அதெல்லாம் கேக்கமாட்டான்ணே.

— இவரு பயப்படறாரு, நான் பயப்படல. நாங்களே போய்க் கைநாட்டு வெக்கறோம். நீ வரவேணாம். ரயில்வே குவாட்டர்ஸ காலி பண்ணணும், எங்களுக்கும் ஒரு வீடு வேணுமில்ல?

— அண்ணி, அது என்னோட பத்து வருச ஒழப்பு.

— பத்து வருசம் யாரு பேரப் போட்டுக்கிட்டு வயித்தக் கழுவுன? சட்டைய எரவல் வாங்குனாக்கூடத் தொவச்சிக் குடுக்கறான் மனுசன். நீ பேரு வாங்கிட்டுப் போயி, ஒரு தீவாளிக்கு ஒரு வேட்டித் துண்டு வாங்கிக் குடுத்திருப்பியா? பேருக்கு வாடகைன்னு நெனச்சிக்க.

— வாடகையா?

— என்னா சிரிப்பு?

— ஒண்ணுமில்ல அண்ணி. பேருக்கு வாடகை உண்டுன்னா, யாரு யாருக்குக் குடுக்கணும்னு அண்ணனையே கேளுங்க.

— டேய். போதும், எழுந்து போ.

— என்னாங்க கேக்கச் சொல்றான்?

— வயித்தெரிச்சல்ல ஒளர்றான். நீ உள்ள போ சீதா.

— நான் எதுக்கு உள்ள போறேன்? சபாபதி, வந்தத முழுசாக் கக்கிட்டுப் போ.

— எங்கம்மா கப்பல்ல வரும்போது மடியில ஒரு புள்ள. இன்னொரு புள்ள இங்க கிள்ளான் ஆஸ்பத்திரில பொறந்திச்சி. சூராட் பெரானாக் எடுத்தது இங்க பொறந்ததுக்கு மட்டுந்தான்.

— பொறந்த பத்திரந்தான, அதுக்கென்ன? இவரு இங்க பொறந்தவரு, அதனால நீல ஐசி. நீ கப்பல்ல வந்தவன், ஒனக்குச் சிவப்பு. இத ஒரு அதிசயமாச் சொல்ல வந்துட்ட.

— கொஞ்சம் யோசிங்க அண்ணி. கப்பல்ல மடியில இருந்தது மூத்த புள்ளயா, எளைய புள்ளயா?

— மூத்த... என்னாங்க, ஏன் தரையப் பாக்கறீங்க?

— ரயில்வேல பத்திரம் இருந்தாத்தான் வேலன்னான். எனக்கு எங்க இருந்திச்சி? அப்பாதான் இவனுத எடுத்துக் கையில குடுத்தாரு. சின்னவனுக்கு அப்பறம் பாத்துக்கலாம்னாரு.

— அப்ப ரெங்கசாமிங்கறது?

— எனக்கு வெச்ச பேரு அண்ணி. தோட்டத்துல எங்கள பெரியவன், சின்னவன்னுதான் கூப்புடுவாங்க, கேக்க ஆளில்ல. அண்ணன் என் பேர எடுத்துட்டுக் கோலாலம்பூர் வந்துட்டாரு. மிஞ்சிக் கெடந்த அண்ணன் பேரத்தான் நான் எடுத்துக்கிட்டேன். சிவப்பு ஐசியும் அதோட வந்திச்சி. என் பேரயே எரவல் கேட்டு இந்த வீட்டுக்கு நடந்தேன், அண்ணன் மூணு தடவ தொரத்திட்டுத்தான் குடுத்தாரு.

— தெரிஞ்சே தொரத்துனீங்களா?

— பேரு மாத்துனது கல்யாணத்துக்கு முந்தி நடந்தது சீதா. அதெல்லாம் இப்ப எதுக்கு? வெளிய தெரிஞ்சா பென்சன் போயிடும், தெரியுமா?

— போவட்டும். கவர்மெண்ட் சர்வன்ட்டாம். தம்பி பேரத் திருடி வெச்சிக்கிட்டு, அதுக்கு இவன்கிட்டயே நான் வாடகை வேற கேட்டுட்டேன். முப்பது வருசம். புருசன் பேர வாயால சொன்னா ஆயுசு கொறையும்னு, வெள்ளிக்கிழம அர்ச்சனைக்குக்கூட ஐயர்கிட்ட எழுதித்தான் குடுத்தேன். கொழுந்தன் பேருக்கு.

— நான் சொல்றதக் கேளு சீதா...

— கேட்டாச்சி. இபிஎஃப் ஆபிஸ் எத்தன மணிக்குத் தெறப்பான் தம்பி?

— எட்டரைக்குத் தெறந்துடுவான் அண்ணி.

— அப்பக் காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு, நாங்களும் வரோம். யோவ் சபாபதி, எழுந்து சட்டையப் போடுங்க.