விழுந்தாலும் சபாஷ் சொல்லும் திரை

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் சாரின் துணைவியார் அவர்களே, தெருத்தெருவாக வந்து நிற்கும் பெற்றோரே, பிள்ளைகளே! எல்லோரையும் கனத்த மனதோடு வணங்குகிறேன்.

கேமராவுக்குப் பின்னால் நின்றே பழகியவள் நான். நம் உடற்கல்வி ஆசிரியரை, நாம் எல்லோரும் 'விசில் சார்' என்று அழைத்தவரை, இணையப் பாடங்களுக்குப் படம்பிடித்தவள். ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை என்று போன வாரம் செய்தி வந்தபோது, என் கணினியில் அவர் குதித்துக்கொண்டிருந்தார்! நான் எதை நம்புவது?

இணைய வகுப்பு தொடங்கிய புதிது. சலவைக்கடை முற்றத்தில் பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி ஒற்றைக்காலில் நிற்க, நடுவில் படம் உறைந்துவிட்டது. சார் சைக்கிளில் விரைந்துபோய்ப் பார்த்தார். பிள்ளைகளோடு சலவைக்கடைக்காரரும் தள்ளாடிக்கொண்டு ஒற்றைக்காலில்!

"என்னண்ணே, கொக்கு மாதிரி நிக்கிறீங்க?"

"நீங்க காலைக் கீழ விடச் சொல்லவே இல்லையே சார்! இந்த வாண்டுங்க எல்லாம் நிக்குது. நான் மட்டும் விட்டா மானம் போயிடாதா?"

சிரித்துவிட்டுத் திரும்பிய சார் என்னிடம் சொன்னார்: "போன் நல்லாத்தாம்மா காட்டுது. ஆனா புள்ளைங்க விழுந்தா அது கை நீட்டிப் பிடிக்காதே!"

அதன்பின் முறையையே மாற்றினார். பாடத்தை வீட்டில் போனில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை தெருவில் கூடிச் செய்ய வேண்டும். கைகொடுக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சலவைக்கடைக்காரர் முதுகு தாங்கக் கற்றார். "பொண்ணு தெருவுல குதிக்கிறதா? நல்லா இருக்கே!" என்று சண்டைக்கு வந்த தையல்கார அக்கா, பக்கத்து வீட்டுப் பையனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதைவிட வேறென்ன கோப்பை வேண்டும் ஓர் ஆசிரியருக்கு?

நிர்வாகி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "வருஷம் முழுக்கப் பாடம் பதிவாகி இருக்கே, அதையே ஓட்டிடலாம். தெரு வகுப்பெல்லாம் இனி எதுக்கு?" என்றீர்கள். சார் போன துக்கத்தில் நாங்களும் தலையாட்டினோம். நேற்று முன்தினம் வகுப்பறையில் அப்படித்தான் ஓட்டினோம். தையல்கார அக்காவின் மகள் குட்டிக்கரணம் போடும்போது கழுத்து மடங்கி விழுந்தாள். அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். திரையில் சார், "சபாஷ்! அப்படித்தான்!" என்று சிரித்தார்.

விழுந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவரா அவர்? உயிரோடு இருந்தவரை ஒருநாளாவது அப்படிச் செய்தாரா? அவர் குரலை வைத்தே அவரைக் கல்நெஞ்சராக்கிவிட்டோமே!

பாடங்கள் ஓடட்டும் ஐயா. ஓடும் இடத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். புது ஆசிரியரை நீங்கள் அமர்த்தும்வரை, சனிக்கிழமைதோறும் அந்தச் சலவைக்கடை முற்றத்தில் நான் நிற்கிறேன். எனக்கு ஒரு பயிற்சியும் தெரியாது. முதுகை எப்படித் தாங்குவது என்று சலவைக்கடை அண்ணன் சொல்லித்தருவதாக இப்போது உள்ளே வரும்போது வாசலில் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சாரின் துணைவியார் அம்மா, நீங்களும் வாருங்கள். போனில் அவர் குரல் அங்கே கேட்கும். கேட்டுவிட்டு நாம் அழுதாலும் பரவாயில்லை, கை மட்டும் பிள்ளைகள் பக்கம் நீண்டிருக்கட்டும்.