மறைந்த என்ற சொல்

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். பால் காய்ச்சி டீ போட்டு நின்றபடியே குடிப்பேன். சட்டையில் காலருக்கு மட்டும் இஸ்திரி. பிறகு செய்தித்தாளை விரித்து அச்சுப்பிழை தேடுவேன். மனைவி இறந்த மறுநாளும் அப்படித்தான். அன்று நிறையக் கிடைத்தது.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அச்சேறும் முன் பிழை களைவது என் வேலை. அவள் வயலின் வாசிப்பவள். என்னை 'ஒற்று' என்றுதான் கூப்பிடுவாள். தேவையில்லாத இடத்தில் வந்து நிற்பேனாம்.

கல்யாணத்துக்கு ஒரு மோதிரம் செய்து கொடுத்தேன். அவள் வாசிப்பை முதலில் கேட்ட அன்று மேடையில் ஒரு கம்பி அறுந்தது. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். தங்கத்தின் நடுவே அதைப் பதித்து, மேலே சிறு முடிச்சாக முடித்துக் கொடுத்தார் பொற்கொல்லர். அறுந்தது சேர்ந்தது என்று பொருள். வயலின்காரியின் இடக்கையில் மோதிரம் தங்காது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கும்போது கழற்றி வைப்பாள். எப்போது பார்த்தாலும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பெயர் வந்தது. கடல் கடந்த ஓர் இசைக்குழு அவளை அழைத்தது. அவளை மட்டும். பயணச் செலவுக்கு மோதிரத்தை ஏலத்தில் விடப் போவதாகச் சொன்னாள்.

"விக்கறதுக்கு வேற என்னடா இருக்கு நம்மகிட்ட? உன்னை மேடையில நிறுத்தினா ஒருத்தனும் கை தூக்க மாட்டான்."

"நானும் கூட வரேன்."

"ஒற்று, அங்க நீ மிகாது."

இருவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஏலக் கையேடு எங்கள் அச்சகத்தில்தான் தயாரானது. 'சிறந்த வயலின் கலைஞரின் மோதிரம்' என்று வந்திருக்க வேண்டும். 'மறைந்த' என்று வந்துவிட்டது. ஏலத்துக்கு வரும் பொருள்களின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்கள். அச்சுக் கோப்பவரின் கை தானாக அந்தச் சொல்லுக்குப் போகும். எப்படியோ தப்பி வந்துவிட்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியார் அழுதுகொண்டே போன் செய்தார்.

"அம்மா, நான்தான் பேசறேன். இல்லம்மா, பேய் இல்ல. பேய்க்கு ஏதும்மா போன்?"

அடுத்து ஏலக்காரர். மன்னிப்புக் கேட்டார். கூடவே, கேட்டு வருகிறவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள் என்றும் இழுத்தார். திருத்தம் போடட்டுமா?

"விட்டுடுங்க சார். ஏலம் முடியற வரைக்கும் நான் செத்தே இருக்கேன்."

அன்று முழுக்கப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் மிதந்தாள். கண்ணுக்கு ஓட்டை இல்லாததால் அலமாரியில் முட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு.

ஆனாலும் பிழை பிழைதான், சார். அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. போனதை இனி மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது எது என்று யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். அவளும் சம்மதம் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் அந்த விரிப்பைக் காயப்போட்டோம். அவள் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனேன். இரண்டு கையையும் வைத்தேன். அந்த இடத்தில் ஒற்று மிகுந்தது, அவ்வளவுதான்.

ஏலத்தன்று முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். 'மறைந்த' என்று தலை குனிந்து வாசித்தார் ஏலக்காரர். ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக் குலுங்கினேன். பக்கத்தில் இருந்த மச்சான் முதுகைத் தடவிவிட்டு, "அழுதுடுங்க மாமா, அடக்காதீங்க" என்றான். இன்னும் குலுங்கினேன். மோதிரம் யாருக்கோ போயிற்று.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்கள் அறிக்கையில் 'கால் தவறி விழுந்தார்' என்று இருக்கிறது. 'தவறி' என்பது தவறு. திருத்திவிடுங்கள். இனி நான் கம்பி எண்ண வேண்டியதுதான். அவளுக்கு வயலினில் நாலோடு முடிந்தது, எனக்கு எத்தனை என்று உள்ளே போனால் தெரியும்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். மாமியாரிடம் 'அம்மா' என்றாள் என்றேன். மச்சானிடம், 'தம்பியைப் பாத்துக்க' என்றாள் என்றேன். பத்திரிகைக்காரருக்கு ஏதோ ஒரு பாட்டின் முதல் அடியைக் கொடுத்தேன், சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

நீங்கள் பதிவு செய்வதால் உள்ளதைச் சொல்கிறேன். சுவரில் உட்கார்ந்து மறுபடியும் அந்தக் கையேட்டைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய் ஒற்று, இதுக்கு ப்ரூஃப் பாத்தது நீதானே?"