தடைக்காலத்தில் பிடித்த மீன்

கிளிஞ்சல்மேட்டிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் ஓட்டுநர், நடத்துநர், கூடையோடு ஒரு அம்மா, லேப்டாப்போடு மீனவர் சங்க எழுத்தர், அவர் பக்கத்தில் விசைப்படகு வைத்திருக்கும் அவர் மச்சான், பின் சீட்டில் நான்.

“மாப்ள, தடைக்காலத்துலயும் நாம மீன் புடிச்சிருக்கோம் போலயே?” என்றார் மச்சான்.

எழுத்தர் திரையைப் பார்த்தார். தினமும் கரைக்கு வந்த மீனின் கணக்கைப் பைத்தான் நிரலில் கோட்டு வரைபடமாக்கி, மீன்வளத்துறையில் கொடுக்கப் போகிறார்கள்.

“போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடந்த நாளை ஃபைல்ல எழுதாம விட்டுட்டேன் மச்சான். பைத்தான் முன்னாடி புள்ளியையும் பின்னாடி புள்ளியையும் நேரா கோடு போட்டு சேத்துடுச்சு.”

“இதக் கொடுத்தா மொத நோட்டீஸ் என் போட்டுக்குத்தான்.”

“போலீஸ்கூட இவ்வளவு சுத்தமா கேஸ் எழுத மாட்டாங்க. நான் ஆறு மாசம் இதப் படிச்சு நம்ம மேலயே எழுதிட்டேன்.”

“கலர் நல்லாருக்கு மாப்ள.”

“அது ஒண்ணுதான் நெனச்சபடி வந்துச்சு.”

எழுத்தர் ஃபைலைத் திறந்து, நாளுக்கு ஒரு சைபராக அடிக்க ஆரம்பித்தார். மச்சான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டு வந்தபோது தடைக்காலத்துக் கோடு அடியில் படுத்துக் கிடந்தது.

“எத்தன மச்சான்?”

“அறுபத்தொண்ணு. தடைக்காலம் முழுசும் வந்துடுச்சு.”