ரெண்டாவது தொட்டி

அய்யய்யோ, அந்தத் தொட்டியப் பாக்காதீங்க! அதுக்கு ஏன் துணி போட்டேன்னு கேக்கறீங்களா? உக்காருங்க சொல்றேன். இந்த அருங்காட்சியகத்துல இந்த ரூம் என் பொறுப்பு. பொறுப்பாம்... பெரிய பொறுப்பு!

விஷயம் என்னன்னா, ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னாடி கடலோட அடித்தரை, கலைக்க ஆளில்லாம அடுக்கடுக்கா படுத்துக் கெடந்துது. மேல நுண்ணுயிருங்க படிஞ்சு, தோலு மாதிரி, போர்வை போத்துன மாதிரி. அது மேல மேஞ்சு பொழைச்ச ஜீவனுங்களும் உண்டு. அப்புறம் வந்துதுங்க பாருங்க, புழு மாதிரி சிலது... கீழ தோண்ட ஆரம்பிச்சுதுங்க. தோலு கிழிஞ்சுது, அடுக்கு கலைஞ்சுது, உள்ளுக்குள்ள தண்ணியும் பிராணவாயுவும் எறங்குச்சு. மேல இருந்த பழைய ஆளுங்க சிலருக்கு எடமே போச்சு, தோண்டறவங்களுக்குக் கீழ வீடு கெடைச்சுது. எவ்ளோ பெரிய சமாச்சாரம்! எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு, "இதுக்கா லீவு நாள்லயும் போற?"ன்னு.

சரி, எல்லாருக்கும் கண்ணால காட்டுவோம்னு ரெண்டு கண்ணாடித் தொட்டி வச்சேன். ரெண்டுலயும் வெள்ளை மணல், கருப்புச் சேறு, மாத்தி மாத்தி. கேக்கு தோத்துரும்! மொத தொட்டி, புழு இல்லாத காலம். ரெண்டாவதுல கழிமுகத்துப் புழு. நானே கொண்டாந்து, நானே விட்டேன்.

சில வாரம் கழிச்சுப் பாத்தா... ரெண்டாவது அப்படியே இருக்கு, மொதது கலங்கிக் கெடக்கு! எனக்கு வந்துது பாருங்க கோவம். ரூம் சாவி இருக்கறது என்கிட்டயும் என் ஓர்ப்படிகிட்டயும்தான். அதோ, டிக்கெட் குடுத்தாளே, அவதான். "நீதானடி கைய விட்டே?"ன்னு வரிசையில நிக்கறவங்க முன்னாடியே கேட்டுட்டேன். அவ முகம் சுருங்கிப் போச்சு. "நான் தொடலக்கா"ன்னா, அவ்ளோதான். அப்புறம் ஒரே அடுப்படியில ரெண்டு பேரும் செவுத்தப் பாத்து சமைச்சோம்.

நான் சும்மா இருந்தேனா? ஐயோ, புழுவெல்லாம் செத்துப்போச்சோன்னு ரெண்டாவது தொட்டியில முழங்கை வரைக்கும் விட்டுத் தோண்டறேன், தோண்டறேன்... ஒண்ணு கூட இல்ல! அந்த நேரம் பாத்து அவ உள்ள வரா. மொத தொட்டியக் காட்டறா. அங்க ஒண்ணு தலைய நீட்டி என்னையே பாக்குது.

ஆமாங்க. தொட்டி மாத்தி விட்டது நான்தான். புழு விடறப்ப போட்டோ எடுக்க வந்தாங்க, மூக்குக்கண்ணாடி போட்டா வயசாத் தெரியுமேன்னு கழட்டி வச்சுட்டேன். எந்தத் தொட்டி எதுன்னு பலகையில எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான!

"மன்னிச்சுரும்மா"ன்னேன், சேத்துக் கையோட. "மொதல்ல கைய கழுவுங்க"ன்னுட்டுப் போயிட்டா. அதோட சரி. இன்னும் பேச்சில்ல... இந்த வெக்கக்கேடு வெளிய தெரிய வேணாமேன்னுதான் துணி போட்டு வச்சிருக்கேன். நீங்க எந்திரிக்காதீங்க, இன்னும் இருக்கு...

இருங்க இருங்க... அவதான் வரா, பின்னாடி ஒரு கும்பல். ஏய், துணிய எடுக்காதடி!

கேட்டீங்களா? கேட்டீங்களா என்ன சொல்றான்னு?

"இது புழு கலக்குனது. இது எங்க அக்கா கலக்குனது."

சிரிக்கறாங்க பாருங்க... அட, அவளும் சிரிக்கறா. அக்கான்னுட்டா, கேட்டீங்கல்ல? அக்கான்னுட்டா!