கேப்டனின் இடது காது

என் பெயர் ஜாப் ட்ரெகன்சா. வயது 46. போர்ட்ஸ்மவுத் நகரம், சவுத்சீயில் குடியிருக்கிறேன். கேப்டன் ஆகஸ்டஸ் வென்லாக் அவர்களின் படகுத் தலைவனாக, அதாவது அவர் படகை ஓட்டி எப்போதும் கூடவே இருக்கும் மாலுமியாக, இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்து வருகிறேன்.

1889-ல் அவர் பீரங்கி அதிகாரியாக இருந்தபோது, பயிற்சியில் ஒரு பீரங்கி வெடித்து அவருக்கு இடது காது கேட்காமல் போயிற்று. பக்கத்தில் நின்ற எனக்கு மூன்று பல் போயிற்று. காது விஷயம் தெரிந்தால் கரைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு கமாண்டர் ஆனார், அதன் பிறகு கேப்டன் ஆனார், அதற்குள் வலது காதும் பாதி மந்தமாகிவிட்டது. நான் எப்போதும் அவர் பின்னால் நிற்பேன். அவருக்குக் கேட்காதபோது கைப்பிடிக் கம்பியில் விரலால் இரண்டு தட்டு தட்டுவேன். கம்பியில் கை வைத்திருக்கும் அவர் உடனே, "திருப்பிச் சொல்லு" என்பார். "கேப்டனோட வாலுடா இவன்" என்று மாலுமிகள் கேலி செய்வார்கள். வருகிற ஜூனில் அவர் அட்மிரல் ஆகவிருந்தார்.

இவ்வருடம் மார்ச் 14 காலை, பனிமூட்டத்தில் கப்பல் துறைமுகத்துக்குள் வரும்போது நான் பல் பிடுங்க மருத்துவ அறைக்குப் போயிருந்தேன். அப்போது கப்பல் ஒரு மீன்பிடி படகின்மேல் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். நான் மேலே வந்தபோது தண்ணீரில் ஒரு கம்பளித் தொப்பி கிடந்தது. அதன் பிறகு வழிகாட்டும் அதிகாரி லெப்டினன்ட் கிரேஸ்டன் அழுதுகொண்டே, "எஞ்சினை நிறுத்தலாமான்னு கேட்டேன் ட்ரெகன்சா. 'சரி சரி, அப்படியே போகட்டும்'னாரு" என்றார்.

காதில் விழாதபோது கேப்டன் சொல்லும் வார்த்தை அது. லெப்டினன்ட் தன்னிடம் எதுவுமே கேட்கவில்லை என்று கேப்டன் இந்தக் கடற்படை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியிருப்பது பொய் அல்ல. அவருக்கு அது கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்று உயிர்ப் பழி அந்தப் பிள்ளைமேல் விழக்கூடாது என்பதால் சொல்கிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. நான் பேசிய நேரமெல்லாம் கேப்டன் எதிரே உட்கார்ந்து, என்னை நம்பி, நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நீதிமன்றத் தலைவர் காகிதத்திலிருந்து தலை நிமிராமல், "உங்களுக்குக் காது கேக்காதுன்னு இந்த ஆள் சொல்றான். மறுக்கிறீங்களா கேப்டன்?" என்று கேட்டார். என் விரல் சாட்சிக் கூண்டின் கட்டையை இரண்டு முறை தட்டிவிட்டது. கேப்டன் தூரத்தில் இருந்தார், தட்டியது அவருக்கு எட்டவில்லை.

"சரி சரி, அப்படியே போகட்டும்" என்றார்.

மேலே எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கேப்டனுக்கும் படித்துக் காட்டினார்கள். வலப்பக்கமாக நின்று படிக்கும்படி நான்தான் சொன்னேன்.

(ஒப்பம்) ஜாப் ட்ரெகன்சா