அண்ணத்துச் சாவி

நைட் ஷிஃப்ட்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவருக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்குச் சந்து.

“தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போவுதுன்னு மேல்தாடையை அறுத்து வுட்டாங்க மச்சான். அண்ணத்துல ஒரு ஸ்க்ரூ கீது. தினம் ஒரு வாட்டி சின்ன சாவியால திருவணும். தாடை கொஞ்சம் கொஞ்சமா விரியும்.”

“இப்ப தூக்கம் வருதா?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன். பக்கத்துல இடி வுழுந்தாலும் தெரியாது.”

“அப்புறம் இன்னா, மூஞ்சி இப்பிடி கீது?”

“லைன்ல போல்ட்டை டைட் பண்ணா, இன்னொருத்தன் திரும்பப் பண்ணக்கூடாதுன்னு மார்க்கர்ல கோடு போடுவோம்ல. அதே பழக்கத்துல, சாவி திருவுனதும் காலண்டர்ல அன்னிக்கித் தேதியில ஒரு கோடு போட்டுட்டுப் படுப்பேன். நாலு நாளா, எழுந்து பாத்தா ரெண்டு கோடு கீது.”

“வூட்டுக்காரி போட்டிருக்கும்.”

“அவ பிள்ளைப்பாக்கத்துல அம்மா வூட்டுக்குப் போயிகிறா. நான் உள்ள தாழ்ப்பா போட்டுகினுதான் படுக்குறேன்.”

“அப்ப தூக்கத்துல நீயே திருவிகினு இருப்ப. சாவியை எங்கனா வச்சுப் பூட்டு.”

“நேத்தே கம்பெனி லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டேன்.”

பஸ் பென்னலூர் தாண்டியது.

“இன்னிக்கி காலண்டரைப் பாத்தியா?”

“ரெண்டு கோடு கீது. ஒண்ணுகூட நான் போட்டதில்ல.”