கமரா விடப் போனவர்

ஸ்காபரோவில் ஃபிஞ்ச் வீதி பஸ் நகரவே இல்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் எண்ணெய்க் கறை படிந்த சப்பாத்தோடு, நிமிடத்துக்கொரு தரம் எழும்பி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கட கொரியன் முதலாளி வயித்துக்குள்ளை கமரா விடக் கொரியாவுக்குப் போயிட்டார், அன்ரி.”

நான் வாசித்துக்கொண்டிருந்ததை மூடிவிட்டேன்.

“என்ன வருத்தமாம்?” என்றார் மூத்தவர்.

“ஒரு வருத்தமுமில்லை. ரெஸ்ரோறன்ற் நல்லா ஓடுது, வருசா வருசம் போறவர். அங்கை ஒரே நாளிலை தலையிலையிருந்து கால் வரைக்கும் பாத்து விடுவினமாம்.”

“கொரியாச் சனம் குடுத்துவைச்சதுகள்.”

“எந்தச் சனம்? குசினியிலை என்னோடை நிக்கிற அக்காவும் கொரியாதான். கோடை முழுக்க வயித்தைப் பொத்திக்கொண்டுதான் சமைச்சவ.”

“டொக்டரிட்டைக் காட்டேல்லையோ பிள்ளை?”

“காட்டினவ. அவவுக்கும் கமரா விடவேணுமெண்டு ஹொஸ்பிற்றலிலை போன கிழமைக்கு நாள் குடுத்தவை. தான் இல்லாத நேரம் ஒருத்தருக்கும் லீவில்லையெண்டு சொல்லிப்போட்டெல்லோ முதலாளி பிளேன் ஏறினவர்.” அவள் மறுபடி எழும்பினாள். “உந்த பஸ் சுணங்கச் சுணங்க அவதான் தனியப் பானை தூக்குறா.”

“அவருக்கு என்னவாம் முடிவு?”

“ஒண்டுமில்லையாம். வயித்துக்குள்ளை எடுத்த படத்தை எங்கட வேலை குறூப்பிலை போட்டிருந்தவர்.”

“ஐயோ, உதை ஆர் பாக்கிறது?”

“அக்காதான் முதல் பாத்தவ. வயிறு நல்ல துப்புரவா இருக்கு, சந்தோசமெண்டு உடனை எழுதினவ.”